"திடீர்னு வந்துட்டாரு சார்!" – இசிஆரில் பைக் ஓட்டும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு டியூட்டி டாக்டர் எழுதுவது

ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணி.

சதுரங்கப்பட்டினம் பக்கம் கரையோரத்தில் ஒரு அரசு மருத்துவமனை. என் நைட் டியூட்டி முடிய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கு. வாசலில் 108 வந்து நிற்கிறது. உள்ளே ரெண்டு பேர்.

ஒருத்தர் 26, 27 வயசுத் தம்பி. சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு பைக்கில் கிளம்பியவர். ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட், ஜாக்கெட், கிளவுஸ், முட்டிக் கவசம் எல்லாம் போட்டிருக்கார். மணிக்கட்டில் வீக்கம், இடுப்பில் சிராய்ப்பு. நடந்தே உள்ளே வந்துட்டார்.

இன்னொருத்தர் 50 வயசு மீனவர். கரையில் எடுத்த மீனை ஐஸ் பெட்டியில் போட்டு, டிவிஎஸ் எக்ஸ்எல்லில் கட்டிக்கிட்டு ரோட்டைக் கடந்தவர். லுங்கி, பனியன். ஹெல்மெட் கிடையாது. வலது தொடை எலும்பு உடைஞ்சு கால் ஒரு பக்கமா திரும்பிக் கிடக்கு. தலையில் காயம்.

கழுத்தை அசைக்காமல் காலர் போட்டு, ரத்தத்தை நிறுத்தி, ரெண்டு கையிலும் டிரிப் ஏற்றி, காலுக்கு ஸ்ப்ளின்ட் கட்டி, செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினோம். பிழைச்சுட்டார். ஆனா மறுபடி கடலுக்குப் போகப் பல மாசம் ஆகும். அது வரைக்கும் அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரியும்ங்கிறதுக்கு என்கிட்ட மருந்து இல்லை.

(யாருடைய அடையாளமும் தெரியக் கூடாதுன்னு சில விவரங்களை மாற்றியிருக்கேன்.)

எக்ஸ்ரே எடுக்கக் காத்திருந்தப்போ அந்தத் தம்பி மடியில் ஹெல்மெட்டை வெச்சுக்கிட்டு ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"நான் நல்லாத்தான் சார் வந்தேன். அவருதான் திடீர்னு வந்துட்டாரு சார்."

அவர் கெட்ட பையன் இல்லை. இடிச்சுட்டு ஓடிப் போகலை. 108க்கு போன் போட்டதே அவர்தான். தன் கழுத்தில் இருந்த துணியைக் கழற்றி மீனவர் தலையில் அழுத்திப் பிடிச்சதும் அவர்தான். அந்த மாதிரி நல்ல பிள்ளைங்களுக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையாப் படிங்க.

*1. திடீர்னு எதுவும் வர்றதில்லை*

எங்க ஓபியில் தினமும் கேட்கிற சொல் இது. "திடீர்னு சுகர் 400 ஆயிடுச்சு சார்." "திடீர்னு நெஞ்சு வலி வந்துடுச்சு சார்." விசாரிச்சுப் பார்த்தா பத்து வருஷமா பிபி இருக்கும், மாத்திரையை நிறுத்தி ஆறு மாசம் ஆகியிருக்கும். உள்ளே ரொம்ப நாளா நடந்துக்கிட்டு இருந்தது. நாம பார்க்கலை. அவ்வளவுதான்.

அந்த மீனவரும் திடீர்னு வரலை. அதே நேரம், அதே இடத்தில், பல வருஷமா தினமும் ரோட்டைக் கடக்கிறவர். அந்தத் தம்பி அந்த இடத்துக்கு வந்ததுதான் அன்னைக்குப் புதுசு.

என் கருத்து இதுதான். பைக் விபத்தில் "திடீர்னு" என்று நாம் சொல்ற விஷயங்களில் பெரும்பாலானவை நாம முன்னாடியே பார்த்திருக்கக் கூடியவை. செயின் திடீர்னு அறுந்துச்சு, பிரேக் திடீர்னு பிடிக்கலை, தூக்கம் திடீர்னு வந்துடுச்சு, ஆள் திடீர்னு வந்துட்டாரு. எல்லாமே ஒரே குடும்பத்துப் பிள்ளைங்க.

*2. இதைச் சொல்ல நான் யாரு?*

நானும் உங்க ஆள்தான். என்கிட்ட செகண்ட் ஹேண்டில் வாங்கின ஒரு 250 சிசி ஸ்போர்ட் டூரிங் வண்டி இருக்கு. அரசு வேலையில் சேர்ந்த அப்புறம் முதல் ரெண்டு வருஷச் சேமிப்பு அது. அம்மா இன்னும் அதைப் பத்திப் பேசும்போது பெருமூச்சு விடுவாங்க.

நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ராத்திரி முழுக்க டியூட்டி பார்த்துட்டு, காலை எட்டரைக்கு நேரா புதுச்சேரிக்குக் கிளம்பினேன். நண்பனோட கல்யாண வரவேற்பு. வாயலூர் பாலாற்றுப் பாலம் தாண்டினது ஞாபகம் இருக்கு. அதுக்கு அப்புறம் எனக்கு ஞாபகம் இருக்கறது, தார் ரோடு முடிஞ்சு மண்ணில் சக்கரம் குதிச்ச சத்தம்தான். நடுவில் ரெண்டு மூணு நொடி என் வாழ்க்கையில் இல்லை. எதிரில் யாரும் வரலை. சவுக்குத் தோப்பு ஓரமா வண்டியை நிறுத்திட்டு அரை மணி நேரம் கை நடுங்க உட்கார்ந்திருந்தேன்.

அன்னைக்கு ஒருத்தர் ரோட்டைக் கடந்திருந்தா, நானும் அதே வாக்கியத்தைத்தான் சொல்லியிருப்பேன். "திடீர்னு வந்துட்டாரு."

*3. ஸ்போர்ட் டூரிங் வண்டி செய்ற ஒரு மாயம்*

தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்றேன். ரேஸ் வண்டி மாதிரி வேகம் இருக்கும், ஆனா முதுகு ஒடியாது. முன்னால் காற்றைத் தடுக்க ஃபேரிங், விண்ட்ஷீல்டு இருக்கும். பின்னால் பெட்டி மாட்டலாம், ஆள் ஏற்றலாம், நாள் முழுக்க ஓட்டலாம். 1976இல் பிஎம்டபிள்யூ கம்பெனி ஆர்100 ஆர்எஸ் என்ற வண்டியைக் காற்றுச் சுரங்கத்தில் சோதிச்சு, முழு ஃபேரிங்கோடு கொண்டு வந்தது. இந்த வகைக்கு முன்னோடின்னு பலரும் அதைத்தான் சொல்வாங்க. நம்ம ஊரில் 2011இல் வந்த ஹோண்டா சிபிஆர் 250ஆர், அதுக்கு அப்புறம் வந்த பஜாஜ் டோமினார் 400 மாதிரி வண்டிகள் சாதாரண சம்பளக்காரனுக்கும் அந்தச் சுகத்தைக் கொடுத்துச்சு.

அந்தச் சுகத்தில்தான் சிக்கலும் இருக்கு.

எக்ஸ்எல்லில் 50 போனாலே உடம்பு பயப்படும். காற்று நெஞ்சில் அடிக்கும், ஹேண்டில்பார் ஆடும். ஸ்போர்ட் டூரிங் வண்டியில் 100 போனாலும் 60 மாதிரிதான் இருக்கும். காற்றை ஃபேரிங் வாங்கிக்கும், அதிர்வை சஸ்பென்ஷன் வாங்கிக்கும். உடம்புக்கு வர வேண்டிய எச்சரிக்கை வராது. வலி தெரியாத சுகர் நோயாளியோட கால் மாதிரி. முள் குத்தினாலும் தெரியாது.

அதனால இந்த வண்டியில் உங்க உணர்வை நம்பாதீங்க. மீட்டரை மட்டும் நம்புங்க.

*4. ஒரு சின்னக் கணக்கு*

ஒரு ஆபத்தைக் கண்ணு பார்த்து, மூளை புரிஞ்சு, கை பிரேக்கைப் பிடிக்க சுமார் ஒன்றரை நொடி ஆகும்னு வெச்சுக்கலாம்.

60 கிலோமீட்டர் வேகம்னா நொடிக்கு சுமார் 17 மீட்டர். ஒன்றரை நொடியில் 25 மீட்டர் போயிடும். காய்ஞ்ச ரோடு, நல்ல டயர், நல்ல பிரேக்கா இருந்தா இன்னும் 20 மீட்டரில் நிற்கும். மொத்தம் 45 மீட்டர்.

100 கிலோமீட்டர் வேகம்னா நொடிக்கு சுமார் 28 மீட்டர். பிரேக்கில் கை வைக்கறதுக்கு முன்னாடியே 42 மீட்டர் போயிடும். நிற்கிறதுக்கு மொத்தம் 95 மீட்டருக்கு மேல வேணும்.

இப்போ இதைக் கவனிங்க. 60இல் வந்தவர் முழுசா நின்னுட்ட அந்த 45ஆவது மீட்டரில், 100இல் வந்தவர் எந்த வேகத்தில் இருப்பார்?

95க்கும் மேல. அவர் பிரேக்கைத் தொட்டு மூணு மீட்டர்தான் ஆகியிருக்கும்.

ஒரே ரோடு, ஒரே மீனவர், ஒரே தூரம். ஒருத்தருக்கு "அப்பாடா, தப்பிச்சோம்". இன்னொருத்தருக்கு "திடீர்னு வந்துட்டாரு".

மத்திய அரசின் 2018 அறிவிக்கை இரு சக்கர வண்டிக்கு, நடுவில் பிரிப்பான் உள்ள நான்குவழிச் சாலையில் அதிகபட்சம் 80, மற்ற சாலைகளில் 60ன்னு சொன்னது. உள்ளூர்ப் பலகை அதைவிடக் குறைவாச் சொன்னா அதுதான் கணக்கு.

*5. உங்களுக்கு ரைடு, எங்களுக்குத் தெரு*

ஈஸ்ட் கோஸ்ட் ரோடுன்னா போட்டோவில் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் சவுக்கு, நடுவில் காலி ரோடு. மாமல்லபுரம் பூஞ்சேரி தாண்டினதும் பலருக்குக் கை தானா முறுக்கும்.

இங்கே வேலை பார்க்கிற எனக்குத் தெரிஞ்ச ரோடு வேற.

விடிகாலை அஞ்சுலேர்ந்து ஏழு வரை கரையிலிருந்து மீன் வண்டிகள் ஏறி வரும். கூடையோட ஷேர் ஆட்டோவுக்கு நிற்கிற அம்மாக்கள் இருப்பாங்க. கல்பாக்கம் ஷிஃப்ட் பஸ்களைப் பிடிக்க ஓடுறவங்க இருப்பாங்க. எட்டரைக்கு சைக்கிளில் பள்ளிக்கூடப் பிள்ளைங்க. புதுப்பட்டினம், வெங்கம்பாக்கம் முக்குகளில் உள்ளூர் வண்டிகள் எதிர்ப்பக்கமாவே வரும். தப்புதான். ஆனா வரும். ராத்திரியில் தார் ரோட்டுச் சூட்டுக்கு மாடுங்க வந்து படுத்துக்கும். கறுப்பு மாடு, கறுப்பு ரோடு.

"அவங்க பார்த்துக் கடக்கக் கூடாதா? அவங்களுக்கு ஹெல்மெட் கிடையாதா?" நியாயமான கேள்வி. நானும் இங்கே மீனவ அண்ணன்களிடம் ஹெல்மெட்டைப் பத்தி வாய் வலிக்கப் பேசிக்கிட்டுத்தான் இருக்கேன். விளக்கு இல்லாத முக்குகள், கடக்க வசதி இல்லாத இடங்கள், சாலை விரிவாக்க வேலையில் கொட்டிக் கிடக்கிற ஜல்லி இதுக்கெல்லாம் பொறுப்பானவங்களும் பதில் சொல்லணும்.

ஆனா அதையெல்லாம் வர்ற ஞாயிற்றுக்கிழமைக்குள்ள உங்களால சரி பண்ண முடியாது. உங்க வலது கையை மட்டும் இன்னைக்கே சரி பண்ணலாம்.

நான் செய்றது இதுதான். ஊர்ப் பெயர்ப் பலகையைப் பார்த்தாலே ஆக்சிலேட்டரை விட்டுடுவேன். ரெண்டு விரல் பிரேக் லீவர் மேல இருக்கும். மீன் பெட்டி கட்டின வண்டி ரோட்டோரம் நின்னா, அது உள்ளே வரப்போகுதுன்னே நினைச்சுக்குவேன். நின்ன பஸ்ஸுக்கு முன்னாடியிருந்து ஒரு குழந்தை ஓடி வரும்னே நினைச்சுக்குவேன். நூறு தடவையில் தொண்ணூத்தொம்பது தடவை யாரும் வர மாட்டாங்க. அந்த ஒரு தடவைக்குத்தான் இவ்வளவும்.

*6. வண்டிக்கு மாஸ்டர் செக்கப்: கடல் காற்று ஸ்பெஷல்*

இந்தப் பக்கம் காற்றில் உப்பு. சென்னையில் ரெண்டு வருஷம் தாங்குற போல்ட் இங்கே ஒரு வருஷத்தில் துருப் பிடிக்கும். கடற்கரைக்கு ஒரு ட்ரிப் போயிட்டு வந்தாலே வண்டிக்குக் குளியல் வேணும். சாதாரணத் தண்ணி, கொஞ்சம் ஷாம்பு. பிரஷர் வாஷ் துப்பாக்கியை வீல் பேரிங், செயின், ஒயரிங் கனெக்டர் பக்கம் கிட்டக் கொண்டு போகாதீங்க. உப்புத் தண்ணியை நாமே உள்ளே தள்ளிவிட்ட மாதிரி ஆயிடும்.

டயர்: காற்றை வாரம் ஒரு தடவை, வண்டி ஓட்டுறதுக்கு முன்னாடி, டயர் சூடாகாதப்போ பாருங்க. எவ்வளவுன்னு பங்க் பையனைக் கேட்காதீங்க. வண்டியில ஒட்டின ஸ்டிக்கரில் அல்லது மேனுவலில் இருக்கும். பின்னால் ஆள், பெட்டி ஏற்றினா அளவு மாறும். டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒண்ணு இருக்கும். 2319ன்னா 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செஞ்சது. செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்குறவங்க முதலில் இதைப் பாருங்க. என் வண்டியை வாங்கினப்போ பின் டயரில் பட்டன் நல்லா இருந்தது, வயசு எட்டு. ரப்பர் கல்லு மாதிரி. முதல் தூறலிலேயே வழுக்கி விட்டது.

செயின்: 500, 600 கிலோமீட்டருக்கு ஒரு தடவை சுத்தம் பண்ணி லூப் அடிக்கணும். மழையில் நனைஞ்சா அன்னைக்கே. மண்ணெண்ணெய் அல்லது செயின் கிளீனர் போதும். பெட்ரோல் வேண்டாம், உள்ளே இருக்கிற ரப்பர் ஓ-ரிங்கைக் கெடுத்துடும். ஓட்டி முடிச்சு செயின் வெதுவெதுப்பா இருக்கறப்போ அடிச்சுட்டு ராத்திரி விட்டுடுங்க. செயினை ரொம்ப இறுக்கவும் கூடாது. ஆளும் பெட்டியும் ஏறினா பின்பக்கம் அமுங்கும், அப்போ செயின் இன்னும் இறுகும்.

இந்த இடத்தில் டாக்டரா ஒரு விஷயம். *இன்ஜினை ஓட விட்டு, கியரில் போட்டு, சுற்றுற செயினைத் துணியால் துடைக்காதீங்க.* துணியை ஸ்ப்ராக்கெட் இழுக்கும், துணியோட விரலையும் இழுக்கும். அந்தக் காயத்தைப் பார்த்திருக்கேன். விரல் நுனி துண்டாயிடும். இன்ஜினை ஆஃப் பண்ணி, நியூட்ரலில் வெச்சு, சக்கரத்தைக் கையால் சுத்துங்க. பத்து நிமிஷம் அதிகமாகும், பத்து விரலும் இருக்கும். அப்படியே துண்டானா, அந்தத் துண்டைச் சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, *அந்தப் பையை* ஐஸ் மேல வெச்சுக் கொண்டு வாங்க. துண்டை நேரா ஐஸில் போடக் கூடாது.

பிரேக்: பேட் தேய்மானத்தை மாசம் ஒரு தடவை டார்ச் அடிச்சுப் பாருங்க. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். நல்லாத் தெரிஞ்சாலும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றணும். கடல் பக்கம் இன்னொரு தொல்லை, காலிபர் பின் துருப் பிடிச்சு இறுகிடும். பேட் ஒரு பக்கம் மட்டும் தேயும், லீவர் பிடிச்ச மாதிரி இருக்கும், வண்டி நிற்காது. புதுப்பட்டினத்தில் எனக்கு வண்டி பார்க்கிற மெக்கானிக் அண்ணன் இதைக் கழற்றிக் காட்டினார். "டாக்டரே, பேஷன்ட்டுக்கு மட்டும்தான் செக்கப்பா?"ன்னு கேட்டார். பதில் சொல்ல முடியலை.

சேலை கார்டு: ஸ்டைலுக்காகக் கழற்றுறாங்க. பின் சீட்டில் உட்கார்றவங்களுக்குக் கைப்பிடி, கால் வைக்க இடம், துணி சக்கரத்தில் சிக்காத மறைப்பு வேணும்னு மோட்டார் வாகன விதியே சொல்லுது. சுடிதார் துப்பட்டா சக்கரத்தில் சுற்றி கழுத்தை இறுக்கின கேஸைப் பார்த்தவங்க யாரும் அதைக் கழற்ற மாட்டாங்க.

கூலன்ட், பேட்டரி, லைட்: கூலன்ட் குறைஞ்சா குழாய்த் தண்ணி ஊற்றாதீங்க. சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீங்க, முகம் வெந்து போகும். கிளம்பும் முன் பிரேக் லைட், இண்டிகேட்டர் எரியுதான்னு ஒரு சுற்று பார்த்துடுங்க.

*7. முன் பிரேக்கைப் பார்த்துப் பயப்படாதீங்க*

"முன் பிரேக் பிடிச்சா தூக்கிப் போட்டுடும்"ன்னு நம்ம அப்பா, மாமா எல்லாரும் சொல்லித்தான் வளர்ந்தோம். அதனால ஆபத்து வந்தா கால் மட்டும் வேலை செய்யும். வண்டி நிற்கும் பலத்தில் பெரும் பங்கு முன் சக்கரத்தில்தான் இருக்கு. ரெண்டையும் சேர்த்து, முதலில் மெதுவா, அப்புறம் அழுத்தமா பிடிக்கணும். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேல் விற்கிற புது வண்டிகளில் ஏபிஎஸ் கட்டாயம். ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்காமல் பார்த்துக்கும். ஆனா மணலில், ஜல்லியில் அதாலும் அதிசயம் பண்ண முடியாது.

ஆளில்லாத மைதானத்தில், 30, 40 வேகத்தில், மாசம் ஒரு நாள் திடீர் பிரேக் பழகுங்க. ஆபத்து நேரத்தில் மூளை யோசிக்காது, பழகினதைத்தான் கை செய்யும். நாங்களும் சிபிஆர் பொம்மையில் பழகிட்டுத்தான் மனுஷனுக்குச் செய்றோம்.

பாலாற்றுப் பாலம் மாதிரி திறந்த இடங்களில் பக்கக் காற்று வீசும். ஃபேரிங்கும் பெட்டியும் பாய்மரம் மாதிரி காற்றை வாங்கும். வேகத்தைக் குறைச்சு, கையைத் தளர்வா வெச்சுக்கோங்க. ஐப்பசி, கார்த்திகை மழையில் முதல் பத்து நிமிஷம்தான் ரோடு ரொம்ப வழுக்கும். ஒரு டீ குடிச்சுட்டுக் கிளம்புங்க.

*8. வண்டியில் சர்வீஸ் பண்ணாத ஒரே பார்ட்: நீங்க*

தூக்கம்: தொடர்ந்து 17 மணி நேரம் விழிச்சிருந்தா, கவனமும் எதிர்வினையும் ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரோட நிலைக்குப் போகுதுன்னு ஆய்வுகள் சொல்லுது. நம்ம நாட்டுச் சட்ட வரம்பு 0.03. அதாவது ஒரு சொட்டு குடிக்காமலே குடிச்ச மாதிரி ஓட்டலாம். வெள்ளிக்கிழமை ஐடி கம்பெனி வேலை முடிச்சு, ராத்திரி ஒரு மணி வரை போனைப் பார்த்துட்டு, மூணரைக்கு எழுந்து குரூப் ரைடு கிளம்பறது வீரம் இல்லை. டீயும் பாட்டும் தூக்கத்தை விரட்டாது. ஓரமா நிறுத்தி இருபது நிமிஷம் கண் மூடுறதுதான் அந்த நேரத்துக்கு மருந்து. அப்புறமும் கண் சொருகினா பயணத்தை அங்கேயே நிறுத்துங்க. நான் படிச்ச டாக்டர், எனக்கு இது தெரியும். தெரிஞ்சும் அன்னைக்கு ஓட்டினேன்.

மாத்திரை: சளி, அலர்ஜி மாத்திரைகள் பலது தூக்கம் வர வைக்கும். போட்டுட்டு வண்டி எடுக்காதீங்க.

தண்ணி: ஜாக்கெட்டுக்குள்ள வேர்வை தெரியாமலே காய்ஞ்சுடும். தலைவலி, எரிச்சல், கவனச்சிதறல் வந்தா உடம்பு வறண்டிருக்குன்னு அர்த்தம். மணிக்கு ஒரு தடவை நிறுத்திக் குடிங்க.

சுகர்: இன்சுலினோ மாத்திரையோ எடுக்கிறவங்க வெறும் வயிற்றில் "மகாபலிபுரத்தில் இட்லி சாப்பிடலாம்"னு கிளம்பாதீங்க. லோ சுகரில் தலை சுத்தறது படுக்கையில் வேற, 80 வேகத்தில் வேற.

ஹெல்மெட்: பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் அறிக்கை 2008இல் சொன்னது, ஹெல்மெட் சாவு அபாயத்தை 42 சதவீதமும் தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் குறைக்குது. எங்ககிட்ட இருக்கிற எந்த மாத்திரையும் இவ்வளவு சுலபமா இவ்வளவு வேலை செய்யாது. ஐஎஸ் 4151 முத்திரை இருக்கணும், பட்டி கட்டியிருக்கணும். பின்னால் உட்கார்றவங்களுக்கும் அதே தரம். உங்களுக்கு இருபதாயிரத்து ஹெல்மெட், தங்கச்சிக்கு ரோட்டோர நானூறு ரூபாய்த் தொப்பியா? அவங்க மண்டை ஓடு வேற எலும்பால செஞ்சதா?

*9. விபத்து நடந்துட்டா*

முதலில் பின்னால் வர்ற வண்டிகளை நிறுத்த ஆள் வையுங்க. 108 கூப்பிடுங்க. கிலோமீட்டர்க் கல்லையோ பக்கத்து ஊரையோ சொல்லுங்க.

ரத்தம் வந்தா சுத்தமான துணியால் அழுத்திப் பிடிங்க. எடுத்து எடுத்துப் பார்க்காதீங்க.

மூச்சு ஓடுதுன்னா ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றாதீங்க, கழுத்தெலும்பு உடைஞ்சிருக்கலாம். முகக் கண்ணாடியைத் தூக்கிவிடுங்க, பட்டியைத் தளர்த்துங்க. மூச்சே இல்லைன்னா மட்டும் ஒருத்தர் தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடிக்க, இன்னொருத்தர் கழற்றி, சிபிஆர் தொடங்கணும்.

தண்ணி, சோடா, டீ எதுவும் வாயில் ஊற்றாதீங்க. ஆட்டோவில் மடக்கி உட்கார வைக்காதீங்க.

உதவினா போலீஸ் அலைக்கழிக்கும்னு பயம் வேண்டாம். 2019 சட்டத் திருத்தத்தில் வந்த மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோட உதவினவங்களைப் பாதுகாக்குது. பெயர், முகவரி சொல்லணும்னு கூடக் கட்டாயம் இல்லை.

பணத்துக்கும் பயம் வேண்டாம். நம்ம செங்கல்பட்டு மாவட்டம் மேல்மருவத்தூரில் 2021 டிசம்பர் 18 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கின "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், விபத்தில் அடிபட்டவங்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் இலவசம். காப்பீட்டு அட்டை இல்லைன்னாலும், வெளிமாநிலத்தவரா இருந்தாலும் உண்டு. செலவு பயந்து நாட்டு வைத்தியக் கட்டுக்குத் தூக்கிட்டுப் போகாதீங்க. தொடை எலும்பு உடைஞ்சா தொடைக்குள்ளேயே ஒரு லிட்டருக்கு மேல ரத்தம் தேங்கும். வெளியே ஒரு சொட்டும் தெரியாது.

*10. கடைசியா*

பைக் ஓட்டாதீங்கன்னு நான் சொல்லலை. சொன்னா நானே கேட்க மாட்டேன். டியூட்டி முடிஞ்சு, வீட்டுக்குப் போய் நல்லாத் தூங்கி எழுந்து, சாயங்காலம் சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டை வரை மெதுவா ஒரு சுற்று போயிட்டு வர்றது எனக்கு இன்னைக்கும் பெரிய மருந்து. அம்பதில் போனா கடல் வாசனை தெரியும். கோட்டைச் சுவர் தெரியும். வலை பின்னிக்கிட்டு இருக்கிற பெரியவர் கை தூக்கி வணக்கம் வைக்கறதும் தெரியும்.

அந்தத் தம்பி மூணு வாரம் கழிச்சு மணிக்கட்டுக் கட்டு பிரிக்க எங்ககிட்டயே வந்தார். பக்கத்திலேயே எங்கேயாவது பிரிச்சிருக்கலாம், சென்னையிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். மீனவர் வீடு எங்கேன்னு கேட்டார். முகவரியை நான் கொடுக்க முடியாது, அவங்களைக் கேட்டுட்டுச் சொல்றேன்னு சொன்னேன். மீனவரோட மனைவிகிட்ட போனில் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "வரட்டும் சார். அதுவும் ஒரு தாய் பெத்த புள்ளதானே"ன்னாங்க.

போயிட்டு வந்து என் அறை வாசலில் நின்னு அந்தத் தம்பி சொன்னது இது.

"சார், அவரு அங்க இருபத்தஞ்சு வருஷமா கிராஸ் பண்றாராம் சார். நான்தான் சார் திடீர்னு வந்துட்டேன்."

இந்த ஒரு வரி உங்க ஞாபகத்தில் இருந்தா போதும். மேலே எழுதின மத்ததெல்லாம் வண்டியோட மேனுவலிலேயே இருக்கு.

வர்ற ஞாயிற்றுக்கிழமை கிளம்புறவங்க, இன்னைக்கே டயர் காற்றைப் பாருங்க. நேரத்துக்குத் தூங்குங்க. குரூப்பில் முன்னாடி போறவருக்கு இதை அனுப்புங்க.

பத்திரமாப் போய் வாங்க. என்னைப் பார்க்க வராதீங்க.


உங்கள் டியூட்டி டாக்டர்